அந்தச் சிவப்புப் பட்டு மார்ச் வரை காத்திருக்கட்டும்

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே உடன் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் பெண்ணை மணக்க விரும்புகிறான், எங்களுக்கும் சம்மதம். பெண்ணின் ஊர் மணிலாவுக்குத் தெற்கே பத்தாங்காஸ். டிசம்பர் கடைசியில் புறப்பட்டுப் போய், ஜனவரி முதல் வாரத்தில் முறைப்படி பெண் கேட்கப் போகிறோம். சம்பந்தி அம்மாவுக்காகக் காஞ்சிபுரத்தில் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுச் சேலை எடுத்துப் படம் அனுப்பினேன். ‘மிகவும் அழகு’ என்று பதில் வந்தது. மறுநாள் பெண் என் மகனிடம், ‘அம்மா இப்போதைக்குச் சிவப்பு உடுத்த மாட்டார்’ என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறாள். சென்ற மார்ச்சில் சம்பந்தி அம்மாவின் தகப்பனார் இறந்தது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாவு வீட்டுப் படங்களில் பெரியவர்கள் வெள்ளையிலும் கறுப்பிலும் நிற்க, ஒரு சின்னக் குழந்தை மட்டும் பளிச்சென்று சிவப்புச் சட்டை போட்டிருந்தது. குழந்தைக்கு ஆகும் நிறம் பெரியவர்களுக்கு ஏன் ஆகாது? திருமணத்தை மே மாதத்துக்குத் தள்ளியதற்கும் காரணம் சொல்லவில்லை. பெண் வெள்ளை உடுத்தி மணமேடைக்கு வருவாள் என்று கேட்டதிலிருந்து என் மாமியார் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. இணையத்தில் தேடினால் ‘சிவப்பு என்றால் வீரம், வெள்ளை என்றால் தூய்மை’ என்று பட்டியல்தான் கிடைக்கிறது. நான் எந்த நிறத்தில் உடுத்துவது? எதைத் தவிர்ப்பது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தில் நீங்கள் பார்த்த அந்தக் குழந்தையிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்டதில் பாதிக்கு விடை அதன் சட்டையில் இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் சாவு வீட்டுக் குழந்தைக்குச் சிவப்பு போடுவது காவலுக்காக. இறந்தவர் தாம் கொஞ்சி வளர்த்த பேரப்பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் தேடி வருவார், வந்தால் பிள்ளை தூக்கத்தில் வீறிட்டு அழும், உடம்புக்கு முடியாமல் போகும் என்று அஞ்சுவார்கள். சிவப்பு உடுத்திய பிள்ளையை ஆவி நெருங்காது என்பது நம்பிக்கை. அடக்கத்துக்கு எடுக்கும் முன், அந்தப் பிள்ளையை ஒருவர் தூக்கிச் சவப்பெட்டிக்கு மேலாக எதிரே நிற்பவரின் கையில் கொடுப்பார். அதுவும் இதற்காகத்தான். ஆகவே அந்தச் சட்டையைப் பார்த்து ‘சாவு வீட்டில் சிவப்பு ஆகும் போலிருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வீட்டில், ஒரே நாளில், அந்த நிறம் பிள்ளைக்குக் கவசம், பெரியவர்களுக்கு விலக்கு.

விலக்கு அன்றோடு முடிவதும் இல்லை. அவர்கள் துக்கத்தை ‘லுக்சா’ என்கிறார்கள். இறந்த பின் ஒன்பது நாள் செபம், நாற்பதாம் நாள் நினைவு என்று போய், சரியாக ஓராண்டு நிறையும் நாளில் ‘பாபாங் லுக்சா’ வருகிறது. துக்கத்தை இறக்கி வைத்தல் என்று பொருள். அதுவரை நெருங்கிய உறவினர் கறுப்பு அல்லது வெள்ளை உடுத்துவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எல்லா நாளும் அப்படி உடுத்த முடியாது என்பதால், மார்பில் ஒரு சிறு கறுப்புப் பட்டையைக் குத்திக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. இந்தக் காலத்தில் நகரத்துக் குடும்பங்கள் பல இதில் தளர்ந்துவிட்டன. ஆனால் மற்ற நிறங்களை எல்லாம் உடுத்தத் தொடங்கிவிட்டவர்கள்கூட ஓராண்டு முடியும்வரை சிவப்பை மட்டும் தொடாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சம்பந்தி அம்மா இறக்கி வைக்க வேண்டியது தம் தகப்பனாரின் துக்கத்தை. அந்த நாள் வரும் மார்ச்சில்தான் வருகிறது.

திருமணம் மே மாதத்துக்குப் போனதற்கும் காரணம் அநேகமாக இதுவே. வீட்டில் ஒரு சாவு நடந்து ஓராண்டு நிறைவதற்குள் அதே வீட்டில் கல்யாணம் வைத்தால் மணமக்களுக்கு ஆகாது என்பது அங்கே ஆழமாக வேரூன்றிய எண்ணம். உங்களிடம் அதை விளக்கிச் சொல்லவில்லை என்று வருந்தாதீர்கள். துக்கத்தைக் காரணம் காட்டினால் மாப்பிள்ளை வீட்டாரின் சந்தோஷத்தில் கரி பூசியதாகுமே என்று அவர்கள் தயங்கியிருப்பார்கள்.

அந்தத் தயக்கத்தை நானும் ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். பழந்துணிகளைப் பழுது பார்த்துப் பாதுகாப்பது என் தொழில். அதற்காக மணிலாவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். போய்ச் சேர்ந்த முதல் ஆண்டில், உடன் வேலை செய்த ஒருவரின் தாயார் இறந்த செய்தி கேட்டு, அலுவலகத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். குங்குமச் சிவப்பில் பருத்திச் சேலை கட்டியிருந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். வீட்டுப் பெரியம்மா ஒருவர் உள்ளே போய்ப் பழுப்பு நிறச் சால்வை ஒன்றை எடுத்து வந்து, ‘காற்றாடிக்கு நேரே உட்கார்ந்திருக்கிறீர்கள், குளிரும்’ என்று என் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார். மணிலாவில் ஏது குளிர்? ஒரு வாரம் கழித்து வேறொருவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாளின் கை என் தோளில் இருந்த இருப்பை இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் மருமகள் தயங்கித் தயங்கியாவது சொன்னாளே, அது உங்களை அவள் சொந்தமாக நினைப்பதால் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக்கு ஏன் இத்தனை கனம் என்று கேட்பீர்கள். நினைத்தவர் நினைத்தபடி உடுத்துகிற நிறமாக அது அங்கே நெடுங்காலம் இருக்கவில்லை. மணிலாவில் ஸ்பானிய அரசின் உயர் அதிகாரியாக இருந்த அந்தோனியோ தெ மோர்கா 1609இல் வெளியிட்ட நூலில் லூசோன் தீவு ஆண்களின் உடையை எழுதியிருக்கிறார்: கழுத்துப்பட்டை இல்லாத, இடுப்புக்குச் சற்றுக் கீழே இறங்கும் குட்டைக் கைச் சட்டை, சிலருக்கு நீலம், சிலருக்குக் கறுப்பு, தலைவர்களிடம் மட்டும் சில சிவப்பு. அதற்கும் முன்னால், 1590ஐ ஒட்டி வரையப்பட்ட பாக்ஸர் ஓவியச் சுவடியிலும் பொன்னணிந்த பெருங்குடித் தம்பதி ஒருவர் செக்கச் செவேலென்று நிற்கிறார்கள். இந்தத் தீவுகளில் சிவப்புச் சாயம் தந்த மரங்களில் ஒன்று சிபுக்காவ். கேரளத்தில் குடிதண்ணீரில் போட்டுக் காய்ச்சும் பதிமுகம் இருக்கிறதே, அதே மரம்தான். தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் அந்தச் சீவலைப் பார்த்திருப்பீர்கள்.

தெற்கே மிந்தனாவோ தீவில் இது இன்னும் கடுமையான கணக்கு. தாவாவோ பகுதியின் பகோபோ மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த ஃபே-கூப்பர் கோல் 1913இல் பதிவு செய்தது இது. பகையில் இரண்டு பேரைக் கொன்றவன் ‘மகானி’ என்ற வீரர் வரிசையில் சேர்வான். அவனுக்குப் பழுப்புச் சிவப்பில் முடிச்சுச் சாயமிட்ட தலைத்துணி உரிமையாகும். நான்கு பேரைக் கொன்றால் குருதிச் சிவப்பில் கால்சட்டை. ஆறு என்றால் சட்டையும் பையும்கூடச் சிவப்பு. உரிமையில்லாதவன் அந்த நிறத்தைத் தொட முடியாது. பட்டியல்களில் ‘சிவப்பு என்றால் வீரம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்களே, அந்த வரிக்குப் பின்னால் எத்தனை பிணங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்!

ஸ்பானியரை எதிர்த்து 1892 ஜூலையில் மணிலாவில் தொடங்கிய கத்திபுனான் என்ற இரகசிய இயக்கத்திலும் இந்த வரிசை வேறு உருவில் தொடர்ந்தது. புதிதாகச் சேர்ந்தவர் கூட்டங்களில் கறுப்பு முகமூடி அணிந்தார். அடுத்த படியில் பச்சை. ‘பாயானி’ எனப்பட்ட மூன்றாம் படிக்கு உயர்ந்தவருக்கே சிவப்பு. இன்றைய தேசியக் கொடியிலும் அமைதிக் காலத்தில் நீலம் மேலே இருக்கும்; போர்க் காலத்தில் கொடியைத் தலைகீழாக்கிச் சிவப்பை மேலே ஏற்றுவார்கள். இது அந்த நாட்டின் சட்டம்.

உங்கள் சம்பந்தி அம்மா இதையெல்லாம் எண்ணிப் பார்த்துச் சேலையை மறுத்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அவர் தாயார் சொல்லிக் கொடுத்தது, ‘துக்கத்தில் சிவப்பு கூடாது’ என்ற ஒரு சொல் மட்டுமாக இருக்கலாம். அப்பா போன வருடத்தில் அந்த ஒரு சொல்லே அவருக்குப் போதும்.

இனி வெள்ளை. உங்கள் மாமியாரின் வருத்தத்தை இலேசாக நினைக்காதீர்கள். கணவனை இழந்த பெண்களுக்கு வெள்ளையைத் திணித்த ஊரில் வளர்ந்தவர் அவர். பேரனின் மணப்பெண் வெள்ளையில் வருகிறாள் என்றால் அவர் மனம் கலங்கத்தான் செய்யும். அவரிடம் பிலிப்பைன்ஸ் வழக்கத்தை விளக்குவதற்கு முன், நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ நடந்த ஒரு கிறிஸ்தவத் திருமணத்தின் படத்தைக் காட்டுங்கள். தமிழ்ப் பெண், வெள்ளைப் பட்டு, தலையில் முக்காட்டு வலை, கையில் பூச்செண்டு. நம் ஊரிலேயே வெள்ளை மங்கலமாக இருக்கும் வீடுகள் தலைமுறை தலைமுறையாக உண்டு என்று கண்ணால் பார்த்தால், பத்தாங்காஸ் அவ்வளவு தூரமாகத் தெரியாது.

உங்கள் மாமியாருக்கு இருக்கும் அந்தக் கலக்கம் பிலிப்பைன்ஸுக்கும் அந்நியமில்லை. இயேசு சபைத் துறவி பிரான்சிஸ்கோ கோலின் 1663இல் வெளியான நூலில், துக்கத்துக்குத் தகாலோகு மக்கள் கறுப்பும் பிசாயா தீவுகளின் மக்கள் வெள்ளையும் உடுத்துவார்கள் என்று எழுதியிருக்கிறார். பத்தாங்காஸ் தகாலோகு மக்களின் பகுதி. அதாவது, ஒரே நாட்டுக்குள் ஒரு கடல் தாண்டினால் துக்கத்தின் நிறம் மாறியிருந்திருக்கிறது. இன்றைக்கு இரண்டும் கலந்துவிட்டன. அடக்கத்தன்று குடும்பம் முழுவதும் வெள்ளையில் நடப்பதை எங்கும் பார்க்கலாம். உங்களுக்கு வந்த படங்களில் வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தே இருந்தனவே. அதே வெள்ளையில்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கிறது. மே மாதம் முழுவதும் சிறுமிகள் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு மாதாவுக்குப் பூ எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போவார்கள். ‘ஃப்ளோரெஸ் தெ மாயோ’ என்று பெயர். உங்கள் மகனின் கல்யாணம் அந்த மாதத்தில் வருகிறது. முடிந்தால் ஒரு மாலை உங்கள் மாமியாரை அங்கே அழைத்துப் போய் உட்கார வையுங்கள்.

திருமணச் சடங்கில் ஒரு கட்டத்தில் மாப்பிள்ளையின் தோளையும் பெண்ணின் தலையையும் ஒரே வெள்ளை வலைத் துணியால் இணைத்து ஊசி குத்துவார்கள். அதன்மேல் எட்டு வடிவில் ஒரு கயிற்றை இருவர் கழுத்திலும் மாலைபோல் இடுவார்கள். நம்மூரில் மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தையும் பெண்ணின் முந்தானையையும் முடிந்துவிடுவதைப் பார்த்தே வாழ்நாள் போக்கிய உங்கள் மாமியாருக்கு, அதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

உங்கள் கணவருக்கும் மகனுக்கும் ‘பரோங் தகாலோக்’ என்ற மேல்சட்டை தருவார்கள். அதை வெள்ளை என்று எழுதுவார்கள். அது சரியில்லை என்பேன். உயர்ந்த பரோங் அன்னாசி இலையின் நாரில் நெய்தது, அதற்குப் பின்யா என்று பெயர். சாயம் ஏற்றாத அந்த நாரின் சொந்த நிறம் தந்தத்துக்கும் வைக்கோலுக்கும் இடைப்பட்டது. அக்லான் மாகாணத்தின் கலீபோவில் இலையைச் சுரண்டி நாரெடுத்து, ஒவ்வோர் இழையாக முடிந்து முடிந்து நீட்டி நெய்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தறியை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நான் கையில் எடுத்த துணிகளில் எடையே இல்லாதது போலிருந்தது அதுதான். அந்தச் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகக் கூடாது. உள்ளே வெள்ளைப் பனியன் போன்ற ஒரு சட்டை, கீழே கறுப்புக் கால்சட்டை. ஆயுதத்தை ஒளிக்க முடியாமல் செய்யத்தான் ஸ்பானியர் இப்படி மெல்லிய துணியை வெளியே விட்டு உடுத்தக் கட்டளையிட்டார்கள் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். எல்லோரும் சொல்லும் கதை அது. அப்படி ஒரு கட்டளைக்கு ஆதாரம் இல்லை. இந்த வெப்பத்தில் வேறு எப்படி உடுத்துவார்கள்? 1953 டிசம்பர் 30 அன்று ரமோன் மக்சாய்சாய் பரோங்கிலேயே குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற பிறகு அது அரசு விழாக்களின் மரியாதை உடுப்பாகவும் ஆகிவிட்டது.

இப்போது நீங்கள் என்ன உடுத்துவது என்பதற்கு வருகிறேன்.

ஜனவரியில் நீங்கள் போகும் சடங்குக்கு ‘பமமன்ஹிகான்’ என்று பெயர். படியேறிப் போவது என்ற பொருளில் வந்த சொல். பழைய வீடுகள் தரைக்கு மேலே தூக்கிக் கட்டியவை. மாப்பிள்ளை வீட்டார் படியேறிப் போய்ப் பெண் கேட்க வேண்டும். பலகாரமும் சாப்பாடும் நீங்கள் கொண்டு போக வேண்டும். அன்றைக்கு வெளிர் நீலமோ இளம்பச்சையோ சந்தன நிறமோ, சின்னக் கரையுள்ள பட்டாக உடுத்துங்கள். அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்களே என்று நீங்களும் கறுப்பில் போய்விடாதீர்கள். நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்ற எண்ணம் அங்கேயும் மூத்தவர்களிடம் உண்டு. பெண் கேட்க வரும் தாய் கறுப்பில் படியேறினால் பாட்டிகள் முகம் சுருங்கும். உங்கள் நெற்றிக் குங்குமத்தையும் சேலைக் கரையில் ஓடும் சிவப்பு இழையையும் பற்றிக் கவலை வேண்டாம். பத்து மாதம் கழித்து வரும் விருந்தாளியிடம் அந்தக் கட்டுப்பாட்டை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அது துக்கம் காக்கிறவர்களுக்கு உரியது.

சம்பந்தி அம்மாவுக்கு வெறுங்கையோடு போகவும் முடியாது. மங்கிய நீலத்திலோ சாம்பல் நிறத்திலோ நல்ல கைத்தறிச் சால்வை ஒன்று கொடுங்கள். கோவிலுக்குப் போகும்போது அவர் போர்த்திக்கொள்ளலாம். கொடுக்கும்போது, ‘உங்கள் அப்பாவின் ஆண்டு முடிந்ததும் இன்னொன்று வரும்’ என்று மகனைவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பை அவர் ஏன் ஏற்கவில்லை என்று உங்களுக்குப் புரிந்திருப்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

டிசம்பர் 31 இரவு அங்கே இருப்பீர்கள் என்றால், வட்டப் புள்ளி போட்ட உடை எங்கும் தென்படும். நாணயம் போல வட்டமாக எது இருந்தாலும் புதிய ஆண்டில் பணம் வரும் என்பது நம்பிக்கை. மேசையிலும் வட்டமான பழங்களாக அடுக்கியிருப்பார்கள். மதுரைச் சுங்குடி ஒன்று பெட்டியில் இருந்தால் அன்று கட்டுங்கள், வீடே மகிழும்.

ஜனவரி 9 வரை மணிலாவில் தங்கினால் கியாப்போ கோவில் பக்கம் தெருவெங்கும் அரக்குச் சிவப்பாக இருக்கும். சிலுவை சுமக்கும் இயேசுவைக் ‘கறுப்பு நாசரேன்’ என்பார்கள்; அந்த உருவம் தேரில் வரும் நாள் அது. அவருடைய அங்கியின் நிறத்தையே பக்தர்களும் உடுத்தி, வெறுங்காலோடு வருவார்கள். ‘பனாத்தா’ என்பார்கள், நேர்த்திக்கடன். மாதாவுக்கோ புனிதர்களுக்கோ நேர்ந்துகொண்டு, அவர்கள் உடையின் நிறத்தில் நாள் கணக்காக உடுத்துகிற மூதாட்டிகளையும் பார்க்கலாம். உங்கள் சேலையின் அதே நிறம் அங்கே வேண்டுதலின் நிறமாக நடந்து போவதைப் பார்ப்பீர்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் துக்கம் இருக்கிறதோ! அப்படி இருந்தாலும் அந்த உடையைக் குறை சொல்ல யாரும் துணிய மாட்டார்கள், அது சாமிக்கு உடுத்தியது.

மஞ்சளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நம் வீட்டில் எதற்கும் மஞ்சள்தானே முதலில் கைக்கு வரும், அதனால் சொல்கிறேன். மிந்தனாவோவின் மரனாவோ முஸ்லிம்களிடையே மஞ்சள் அரச குலத்துக்கு உரியது. வடக்கே அதற்கு வேறு வரலாறு. 1983 ஆகஸ்ட் 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அகினோ நாடு திரும்பியபோது மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை வரவேற்கக் கட்டிய மஞ்சள் நாடாக்கள் போராட்டத்தின் அடையாளமாயின. அவர் மனைவி கோரசோன் அகினோ மஞ்சள் உடையிலேயே மக்கள் முன் நின்றார். 1986 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் மார்க்கோஸின் ஆட்சி விழுந்தது. 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளர் லெனி ரொப்ரேதோவின் ஆதரவாளர்கள் இளஞ்சிவப்பும், மார்க்கோஸ் மகனின் ஆதரவாளர்கள் சிவப்பும் உடுத்தினார்கள். குடும்பங்களே அந்த நிறங்களில் பிரிந்து நின்றன. வெளிநாட்டுச் சேலையில் கட்சியைத் தேட மாட்டார்கள், அஞ்ச வேண்டாம். ஆனால் பெண்ணின் அண்ணனுக்கோ மாமாவுக்கோ சட்டை எடுப்பதானால் வெள்ளையில் கோடு போட்டதாக எடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டில் யார் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது.

மே மாதத் திருமணத்துக்கு வேறு வழி. அங்கே கல்யாணத்துக்கு ஒரு நிறத்தை முடிவு செய்துவிடுவார்கள். நினோங், நினாங் எனப்படும் ஞானப் பெற்றோர் முதல் பூத்தூவும் சிறுமி வரை அதற்குப் பொருந்த உடுத்துவார்கள். மாப்பிள்ளையின் தாயாக நீங்களும் ஊர்வலத்தில் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த நிறம் என்ன என்று மருமகளிடமே கேட்டு, துணித் துண்டு ஒன்றைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். திரையில் தெரியும் நிறத்தை நம்பிப் பட்டு எடுக்காதீர்கள். இது என் தொழில் சொல்லிக் கொடுத்தது. வெள்ளையையும் தந்த நிறத்தையும் விட்டுவிடுங்கள், அது அன்று அவளுடையது. முழுக் கறுப்பும் வேண்டாம். மாலை விருந்தில் மருமகள் கூரைச் சேலை கட்டிக்கொள்ளச் சம்மதித்தால், நீங்கள் ஆசைப்பட்ட சிவப்பு அவள்மேல் அன்றைக்கு இருக்கும். உங்கள் மாமியார் கையாலேயே அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். துக்கம் இறக்கி வைத்த பிறகு அந்த வீட்டுக்கு வரும் முதல் சிவப்பு அதுவாகவும் இருக்கலாம்.

நாளை பேரப்பிள்ளை பிறந்தால் அதன் மணிக்கட்டில் சிவப்பும் கறுப்புமாக மணி கோத்துக் கட்டியிருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். ‘உசோக்’ அண்டாமல் இருக்கக் கட்டுவது. அந்நியர் பார்வை பட்டுப் பிள்ளை வாடிப்போவதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். நீங்கள் பக்கத்திலேயே கன்னத்தில் மை வைத்தால் அவர்களுக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

இன்னொன்று சொல்ல ஆசை. நீங்கள் கொண்டு போகும் சேலை அந்தக் கரையில் இறங்கும் முதல் தமிழ்நாட்டுத் துணி அல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் சென்னையிலிருந்து மணிலாவுக்குப் போயின. ஸ்பானியர் ஆங்கிலக் கப்பல்களை அனுமதிக்காததால் சென்னை ஆங்கிலேயர்கள் ஆர்மீனியர், போர்த்துகீசியர் பெயரில் கப்பல் விட்டார்கள். 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கப் போன படையும் சென்னையிலிருந்து புறப்பட்டதுதான். அதில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயிந்தா என்ற ஊரில் குடும்பம் கட்டித் தங்கிவிட்டார்கள். நம்மவர் அங்கே சம்பந்தம் செய்வதும் புதிதல்ல.

அந்தச் சிவப்புப் பட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மடிப்பில் சரிகை உள்ளே போகும்படி புரட்டி மடித்து, துவைத்துப் பழகிய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். சரிகையோடு பாச்சை உருண்டை படவும் கூடாது. மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே பட்டு நைந்துவிடும். ஜனவரியில் போகும்போது ஒரு நூல்நாடாவைக் கொண்டு போய், சம்பந்தி அம்மாவின் தோள் அளவையும் கை அளவையும் மருமகளைவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் பாபாங் லுக்சா முடிந்த செய்தி வந்த பிறகு ரவிக்கையைத் தைக்கக் கொடுத்தால் மே மாதத்துக்குள் சரியாக வந்துவிடும்.